பச்சோந்தி மரம் காய்த்த வருடம்

மாநகராட்சியின் நாற்றுப்பண்ணையில் இருபத்தெட்டு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவன் நான். எந்த மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதற்கு மேல் கேட்டால் இலையம்மாவைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவேன். இலையம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். நகரத்து மரங்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. ரோட்டில் போகும்போது ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்க்காமல் பத்தடி தாண்ட மாட்டார். நேரில் மேடம் என்போம். நாங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார், நாங்களும் தெரியாத மாதிரி இருப்போம்.

பண்ணை பம்பிங் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. பச்சை வலைக்கு அடியில் வரிசை வரிசையாகக் கன்றுப் பைகள். மற்ற ஊர்க்காரர்கள் நாலே நாலு வகை மரத்தை வைத்து ஊரையே ஒப்பேற்றிவிடுவார்கள். எங்கள் இலையம்மாவுக்கு அது ஒத்துவராது. தண்டிலேயே பூக்கிற புதர், பட்டை உரிந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் மரம், மத்தியானமானால் இலையை மடித்துக்கொண்டு தூங்கும் செடி என்று யாரும் வளர்க்காததை எல்லாம் தேடிப் பிடித்து வளர்ப்பார். விதைகள் மருந்து டப்பாக்களில் இருக்கும். ஒரு விதைக்கு முளைக்க மூன்று வருடம் ஆயிற்று. மூன்று வருடமும் வெறும் மண் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"மேடம், இது எப்பவோ செத்துப் போச்சு. விட்ருங்க."

"உன்னைவிட அதுக்குப் பொறுமை ஜாஸ்தி. ஊத்து."

முளைத்த அன்றைக்கு எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் பச்சைத் துளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அந்த ஈர மண் வாசனை இன்னும் மறக்கவில்லை.

பண்ணைக்குள்ளேயே அவருக்கு வீடு. அரசாங்க வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ஓர் அறையில் அவரும் கணவரும். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்; குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். பிள்ளைகள் இல்லை. இன்னோர் அறை அவருடைய அண்ணனுடையது. அதில் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு போர்வை, ஒரு கொடி, கொடியில் ஒரு காக்கிச் சட்டை. அண்ணன் அந்த வீட்டைவிட்டுப் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. மாதத்துக்கு ஒரு முறை அந்தப் போர்வையை அம்மாவே துவைத்துக் காயப்போடுவார். அந்த நாட்களில் நாங்கள் யாரும் அவரிடம் லீவு கேட்க மாட்டோம்.

அந்த அண்ணனை நாங்கள் வாளி அண்ணன் என்போம். தங்கையைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டார்கள். இவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இதே பண்ணையில் வாளி தூக்கி, தங்கையைக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தார். தங்கை பரீட்சை எழுதி, பாஸாகி, இதே பண்ணைக்கே அதிகாரியாக வந்து உட்கார்ந்தது. முதல் நாள் காலையில் நாற்காலியை இவர்தான் துடைத்துப் போட்டாராம். "எங்க ஆபீசர் வர்றாங்க, எல்லாரும் எந்திரிங்கடா" என்று கத்தினாராம். இதெல்லாம் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் நடந்தது. சண்டை நடந்தபோது நான் இருந்தேன்.

சண்டை பச்சோந்தி மரத்தால் வந்தது. அதன் நிஜப் பெயர் யார் வாயிலும் நுழையாது. பூ காலையில் வெள்ளையாக விரியும், வெயில் ஏற ஏற நிறம் மாறிச் சாயங்காலம் கருஞ்சிவப்பாகிவிடும். அதனால் தெருக்காரர்கள் பிறகு வைத்த பெயர் அது. பழைய ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரே ஒரு மரம் இருந்தது. அதன் கிளைகளை முழ நீளத்துக்கு வெட்டி, மணலில் நட்டு வேர்விட வைத்து, அறுபத்திரண்டு கன்று தயார் செய்திருந்தார் இலையம்மா. கடைத்தெரு முழுக்க அதைத்தான் வைக்கப் போகிறார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே நேர்.

வாளி அண்ணன் வெளியூர் எங்கோ போனபோது அதே ஜாதியில் வேறொரு மரத்தின் விதையைக் கொண்டுவந்து நாற்பது கன்று போட்டிருந்தார். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று இடுப்பு ஒடிந்த மாதிரி கோணல். நடுகிற அன்று அதில் ஒன்றைத் தூக்கிவந்து குழிக்குப் பக்கத்தில் வைத்தார். என்ஜினீயர், மேஸ்திரி, கடைக்காரர்கள், நாங்கள் என்று முப்பது பேர் நின்றுகொண்டிருந்தோம்.

"பத்துக்கு ஒண்ணு இதையும் கலந்து வைம்மா. எல்லாம் ஒரே மரத்தோட கிளை. அறுபது எடத்துல நட்டாலும் அது ஒத்தை மரந்தான். தன் பூவுக்குத் தானே மகரந்தம் சேராது. பூக்கும், காய்க்காது."

"காய்க்கக் கூடாதுன்னுதான் வைக்கிறேன். தெருவுல நெத்து விழுந்தா யாரு பெருக்குறது? குப்பை விழாதுன்னு ஃபைல்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

"ஒண்ணுக்கு நோய் வந்தா அம்புட்டுக்கும் வரும். சொன்னாக் கேளு."

"அண்ணா, இத அப்புறம் பேசலாம்."

"அப்புறம் என்ன அப்புறம்? குழிய மூடிட்டா அப்புறம் ஏது?"

என்ஜினீயர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இலையம்மாவின் முகம் மாறியது. "நீ தோட்டக்காரன். தோட்டக்காரன் வேலைய மட்டும் பாரு" என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "பண்ணைக்குப் போனதும் அந்த நாப்பதையும் எருக்குழியில போடுங்க" என்றார்.

போட்டோம். தூக்கிப் போட்ட கைகளில் என் கையும் ஒன்று. வாளி அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எருக்குழிக்குள் இறங்கி, இடுப்பு ஒடிந்த அந்தக் கன்றை மட்டும் எடுத்து வாளியில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். கோபம் தணிந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்று நினைத்தோம். அவருக்கு எடுத்துவைத்த சோறு அன்று சாயங்காலம் வரைக்கும் மூடியே இருந்தது.

தேடாத இடமில்லை. ஒரு முறை வேறு ஊரில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அம்மாவும் கணவரும் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைத்தெருவில் அறுபத்திரண்டு மரமும் வளர்ந்தன, ஒரே நாளில் பூத்தன, ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அண்ணன் சொன்ன மாதிரியே ஒன்றுகூடக் காய்க்கவில்லை.

இப்போது அம்மா ஓய்வு பெறும் மாதத்துக்கு வருகிறேன். முப்பதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கணவர் வேறு வீடு பார்த்துவிட்டார். அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. அம்மா மட்டும் அசையவில்லை. ஒரு நாள் காலை அவர் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விடப் போனபோது உள்ளே பேச்சு கேட்டது.

"அந்த ரூமையும் கட்டிறலாம்ல?" என்றார் கணவர்.

"அது இருக்கட்டுங்க."

"இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

"அண்ணனுக்குத் தெரிஞ்ச அட்ரஸ் இது ஒண்ணுதான். நாளைக்கே வந்து நின்னா? வேற யாரோ கதவத் தொறந்து, யாருய்யா நீன்னு கேக்கணுமா?"

"இருபது வருஷமா வராதவர்..."

"அதத்தான் நானும் சொல்றேன். இருபது வருஷம் வரல. இனிமே வந்தா நான் இருக்க மாட்டேன்."

நான் குழாயை மூடாமலே நின்றிருக்கிறேன். தொட்டி வழிந்து செருப்பு நனைந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரம்தான் கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்கிறவர் புகார் எழுதிக்கொண்டு வந்தார். வாயும் பேனாவும் சும்மா இருக்காத மனிதர். எதற்கெடுத்தாலும் புகார்.

"உங்க மரத்துல இருந்து நெத்து விழுதும்மா. வெயில் ஏறினா படபடன்னு வெடிக்குது. நேத்து ஒரு கஸ்டமர் பயந்து குடைய விரிச்சுட்டாரு."

"அது காய்க்காத ஜாதி. வேற ஏதாவது மரமா இருக்கும்."

"இருபது வருஷமா அதுக்கு அடியில உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்று சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல் நீளத்தில் பழுப்பு நெற்று. வெடித்த வாய்க்குள் வரிசையாக விதைகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தாள் போல ஓர் இறக்கை.

இலையம்மா அதைக் கையில் எடுத்தார். கசக்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தார். குடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அம்மா நெற்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, "வண்டிய எடு" என்றார்.

அன்றைக்கு அடித்த வெயிலுக்கு ரோட்டில் தார் செருப்போடு ஒட்டியது. அம்மா கிழக்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கடியிலும் நின்று அண்ணாந்து எண்ணினார். நான் சிகரெட் அட்டையில் எழுதினேன். முதல் இருபது மரத்தில் ஒன்றுகூட இல்லை. முப்பதாவதில் மூன்று. ஐம்பதாவதில் இருபத்தாறு. மேற்குக் கோடியில் கடைசி மரத்தில் நூற்றுப் பதினான்கு. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மேடம், தலை சுத்துதா?"

"இதுக்குத் தானா காய்க்க முடியாது. வேற விதையில வந்த மரம் ஒண்ணு பக்கத்துல எங்கயோ பூத்திருக்கு. வண்டு அந்தப் பூவுலயும் இந்தப் பூவுலயும் போய் உக்காந்திருக்கு. எந்தப் பக்கம் காய் ஜாஸ்தியோ அந்தப் பக்கம்தான் அது இருக்கு." கை மேற்கே நீண்டது. "இந்த ஊர்ல இதுக்கு விதை போட்டவரு ஒருத்தர்தான். நாப்பதையும் நாமதான் குழியில போட்டோம், அண்ணன் எடுத்துட்டுப் போனது ஒண்ணுதான்."

எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாதபோதும் துடைப்பார். "மரம் இருந்தா மச்சானும் இருக்கணும்னு உண்டா? யாருக்காவது குடுத்திருப்பாரு. இல்ல..." என்று நிறுத்தினார்.

"இல்லன்னா அதையும் தெரிஞ்சுக்கறேன். தெரியாம இந்த வீட்டப் பூட்ட மாட்டேன்" என்றார் அம்மா.

மறுநாளிலிருந்து காலையில் தண்ணீர் விடுகிற வேலை முடிந்ததும் தேடினோம். மேற்கே போனால் மரப்பட்டறைகள், குடோன்கள், மதில்கள். எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல். கீழே நின்றால் ஒன்றும் தெரியாது. அம்மா லாரி ஏணியைப் பிடித்து டேங்க் மேலே ஏறிவிட்டார். ஐம்பத்தெட்டு வயது, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூடியைப் பிடித்தபடி நிற்கிறார். நான் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுகிறேன். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டுகிறான்.

"மெதுவா போ!"

"இதுக்கு மேல மெதுவா போனா வண்டி நின்னுடும் மேடம்!"

"நில்லு! அந்தா... இல்ல, அது வேற. போ!"

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மழை வந்து தொப்பலாக நனைந்து திரும்பினோம். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். கஷாயத்தைக் குடித்துவிட்டு வந்து டேங்கில் ஏறினார். வீட்டிலோ பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டுக் கூடத்தில் அடுக்கப்பட்டன. கணவர் அந்த அறைப் பக்கம் போகவில்லை. நான்காம் நாளும் முடிந்தபோது, சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஐந்தாம் நாள் ஐஸ் தொழிற்சாலைச் சந்து. மதிலுக்கடியில் உருகிய தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், அந்த வெயிலிலும் சந்து சில்லென்று இருந்தது. டேங்க் மேலிருந்து சத்தமே வரவில்லை. பத்தடி போனதும் தகரத்தில் கையால் ஓங்கித் தட்டினார். பிரேக் போட்டேன்.

ஷெட் கூரைக்குப் பின்னால் ஒரு மரம். அடியில் நேராகக் கிளம்பி, இடுப்புக்கு மேல் சட்டென்று ஒரு பக்கம் ஒடிந்து, பிறகு மனசு மாறினாற்போல மறுபடி நிமிர்ந்திருந்தது. கிளை தெரியாமல் நெற்று. எருக்குழியில் கிடந்த அந்தக் கோணல் எனக்கே அடையாளம் தெரிந்தது.

அம்மா இறங்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன். மரத்தடியில் மெலிந்த ஓர் ஆள், தலை முழுக்க வெள்ளை, வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"காய் புடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு" என்றார் வாளி அண்ணன். "இப்பத்தான் பாத்தியா? ஆபீசர் ஆயிட்டா மரத்த அண்ணாந்து பாக்க மாட்டாங்களோ?"

அம்மா அந்த வாளியின் பிடியைத் தானும் பற்றிக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"எங்கண்ணா இருந்த இவ்வளவு வருஷம்?"

"எங்கெங்கயோ. இதத் தகர டிரம்முல வச்சு ஊர் ஊராத் தூக்கிட்டுத் திரிஞ்சேன். டிரம்முல இருந்தா எப்படிப் பூக்கும்? ஏழு வருஷம் முன்னாடி இங்க வாட்ச்மேன் வேலை கெடச்சது. மண்ணுல எறக்கினேன். இந்த வருஷந்தான் மொதல்ல பூத்துச்சு."

"இதே ஊர்லயா? ஏழு வருஷமா?"

"இதுக்குத் தொணை இந்த ஊர்லதான இருக்கு? மரத்துக்காக வந்தேன்" என்றார் விறைப்பாக. பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு தடவ பண்ணை கேட் வரைக்கும் வந்தேன். உள்ள யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டிருந்த. திரும்பிட்டேன்."

அது நானாகத்தான் இருக்கும். என்னால் இரண்டு முறை ஒரு மனிதன் வாசலோடு திரும்பியிருக்கிறான் என்று நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

இலையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போய் ஹாரன் அடி."

"மேடம்?"

"அடின்னா அடி. நிறுத்தாம அடி."

அடித்தேன். ஷெட்டுக்குள்ளிருந்து ஆட்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், ஒருவர் தோளில் ஐஸ் பாளத்தோடு. கணக்கரும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இவரு என் அண்ணன்" என்றார் அம்மா. "வாளி தூக்கி என்னைப் படிக்க வச்சாரு. இருபது வருஷத்துக்கு முன்னாடி முப்பது பேர் நடுவுல நின்னு, நீ தோட்டக்காரன், உன் வேலையப் பாருன்னு சொன்னேன். அவரு பெத்த புள்ள மாதிரி வளத்த கன்னுகள எருக்குழியில போடச் சொன்னேன். அவரு சொன்னதுதான் சரி. நான் செஞ்சது தப்பு. நாலு பேர் முன்னாடி சொன்னத நாலு பேர் முன்னாடிதான் திருப்பி எடுக்கணும். அதான் கூப்பிட்டேன்."

ஐஸ் பாளத்துக்காரர்தான் மெதுவாக, "அம்மா, தப்பா நெனைக்காதீங்க, தோள்ல கரையுது. முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

வாளி அண்ணன் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமலோடு கண்ணில் தண்ணீரும் வந்தது. "போதும் போதும், எல்லாரும் போங்கப்பா" என்று அவர்களை விரட்டினார். பிறகு தங்கையின் தோள்பையிலிருந்து கவாத்துக் கத்திரியை உருவி, வெடிக்காத நெற்றாகப் பார்த்து ஒரு கொத்து வெட்டி அவர் கையில் வைத்தார்.

"இதப் போடு. நேரா வர்றதும் வரும், வளைஞ்சு வர்றதும் வரும். எதையும் குழியில போடாத."

"எந்த மண்ணுல போடணும்?" என்று கேட்டார் இலையம்மா, தெரியாதவர் மாதிரி.

"ஆத்து மணல் பாதி, மக்கின எரு பாதி. உனக்குத் தெரியாதா? அன்னிக்கே சொல்லிக் குடுத்தேனே."

முப்பதாம் தேதி வாளி அண்ணன் பண்ணைக்கு வந்தார். கொடியில் இருந்த காக்கிச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். இரண்டு ஆள் நுழையலாம் போல இருந்தது. போர்வையை மோந்து பார்த்துவிட்டு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மச்சானும் மச்சானுமாகக் கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் லாரியில் ஏற்றினார்கள். புது வீட்டில் அண்ணனுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார் கணவர். வாடகைக்குப் பார்க்கும்போதே அப்படித்தான் பார்த்தேன் என்றார், யாரும் கேட்காமலே.

அம்மா கடைசியாக ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து பழைய ஃபைல் ஒன்றைக் கேட்டார். நான்தான் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். கடைத்தெரு மரங்கள் என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே அவருடைய இளமைக்கால எழுத்தில், 'இவ்வகை காய்க்காது' என்று ஒரு வரி. அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, கீழே நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியை ஒப்படைக்க அவர் எழுந்து போனதும் எட்டிப் பார்த்தேன்.

'துணை மரம் அருகில் இருந்தால் காய்க்கும். முன்பு எழுதியது என் பிழை.'

மை காயவில்லை. நான் கையால் விசிறிவிட்டு ஃபைலை மூடினேன்.